மூடியைக் கழற்றிப் பொட்டு வைத்த வாள்

அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் என் மகள் இன்றும் சொல்கிறாள். யாராவது வீட்டுக்கு வந்து பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் சிரித்துக்கொண்டு சொல்வாள்: "ஒண்டும் நடக்கேல்லை. அம்மாதான் கரண்டை நிப்பாட்டிப் பெரிய கலாதி பண்ணிப்போட்டா." ஒன்றும் நடக்காமல் போனது ஏதோ தானாகவே அப்படி ஆனது போல. அவள் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் புதிதாக ஏறும். ஆகையால் நானே எழுதி வைக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரமில்லை.

நோர்வேக்கு வந்த நாளிலிருந்து கத்தியோடுதான் என் வேலை. முதலில் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலை. பன்னிரண்டு வருடம் நின்றபடி மீன் வெட்டினேன். என் கணவர் அங்கேதான் காலமானார். பிறகு தோள்மூட்டும் போய்விட்டது. ஒஸ்லோவுக்கு வந்து ஹவுகெட்டோவில் மகளோடும் மருமகனோடும் இருந்தேன். சும்மா இருக்க என்னால் முடியாது. வேலை தேடித் தரும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் தோளையும் பார்த்தாள், என் நோர்வே மொழியையும் கேட்டாள், கடைசியில் ஒரு மரப்பட்டறைக்கு அனுப்பினாள். பறவைக் கூடும் பெட்டியும் செய்யும் இடம். இது இரண்டாயிரத்து நாலு, ஐந்து அளவில்.

அங்கேதான் மேசை வாளை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு இரும்பு மேசை. நடுவில் ஒரு கீறல். அந்தக் கீறலுக்குள்ளால் வட்டமான அலகு தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். மீன் வெட்டும்போது கத்தி என் கையில் இருந்தது. இங்கே கத்தி நின்ற இடத்தில் நிற்கும், மரத்தைத் தள்ளிக்கொண்டு என் கைதான் அதை நோக்கிப் போகவேண்டும். இந்த வித்தியாசம் விளங்காத எவரும் அந்த மேசைக்குக் கிட்டப் போகக்கூடாது. எத்தனை படித்திருந்தாலும்.

பட்டறையில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவள் ஒரு உயரமான நோர்வேக்காரி. அவளுடைய இடதுகைச் சுட்டுவிரல் பாதிதான் இருக்கும். முதல்நாளே அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் வாளில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவன் "கோப்பி ரெடி" என்று கூப்பிட்டானாம். திரும்பிப் பார்த்தாளாம். அவ்வளவுதான். வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் நிற்பவரைக் கூப்பிடாதே, தோளில் தொடாதே, வீடு எரிந்தாலும் அவர் வெட்டி முடிக்கும்வரை பொறு என்று சொன்னாள். எனக்கு மொழி போதாதென்று எல்லாவற்றையும் கையால் செய்து காட்டினாள். கையுறை போடக்கூடாது, அலகு நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அலகுக்கு நேரே நிற்கக்கூடாது, ஒரு பக்கமாக நிற்கவேண்டும். கடைசித் துண்டைக் கையால் தள்ளக்கூடாது, தள்ளுதடியால் தள்ளவேண்டும். அலகைத் தொடுவதற்கு முன் மின்வயரைச் சுவரிலிருந்து கழற்றவேண்டும்.

அலகுக்குப் பின்னால் சின்னத் தகடு ஒன்று செங்குத்தாக நிற்கும். அரிந்த மரம் திரும்ப மூடிக்கொண்டு அலகை இறுக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் அலகு மரத்தைப் பிடித்து நம் வயிற்றை நோக்கி எறிந்துவிடும். அந்தத் தகட்டின் மேல்தான் அலகை மறைக்கிற மூடியும் பூட்டியிருக்கும். ஒரே ஒரு சுரையை, அதாவது நட்டை, திருகினால் இரண்டும் சேர்ந்து கழன்று வந்துவிடும். இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், அந்த ஒரு சுரையில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

பட்டறையில் பெரிய இயந்திரம் வாங்கியபோது பழைய சின்ன மேசை வாளை எனக்குத் தந்தார்கள். மகள் வீட்டுக் கராஜில் வைத்தேன். இரண்டு வருடத்தில் ஹவுகெட்டோவிலும் ஹொல்ம்லியாவிலும் தமிழ் வீடுகளுக்குத் திருவலைக் கட்டை செய்து கொடுத்திருக்கிறேன். திராமனிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். நான் செய்த கட்டையில் குந்தியிருந்து தேங்காய் துருவினால் அது ஆடாது. வாளுக்குப் போகும்போது சேலை உடுத்தமாட்டேன். மகளின் பழைய காற்சட்டை, ஒட்டின கை வைத்த சட்டை, தலைமயிரை இறுக்கிக் கட்டி முடிச்சு. என் பத்து விரலும் இன்றைக்கும் பத்து விரல்தான்.

மருமகன் கணினியில் வேலை செய்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் வாளைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. ஆட்கள் வந்தால் சொல்வார்: "எங்கடை வீட்டிலை ஆம்பிளை எண்டா அது மாமிதான். நான் சும்மா கோப்பி ஊத்திக் குடுக்கிற ஆள்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கவேண்டும்.

நானும் அவரும் நேரே கதைப்பதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் அப்படித்தான். மரியாதை. ஒரே மேசையில் மூன்று பேரும் இருப்போம். நான் மகளிடம், "பிள்ளை, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு கேள்" என்பேன். அவர் என்னைப் பார்க்காமல் மகளிடம், "காணும் எண்டு மாமியிட்டைச் சொல்லும்" என்பார். பதினொரு வருடம் இப்படிப் போனது. சோற்றுக்கும் கறிக்கும் அது போதும். வாளுக்குப் போதாது. அதை நான் முன்பே யோசித்திருக்கவேண்டும்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு வாளையும் பூசையில் வைக்கவேண்டும் என்று சொன்னவள் நான்தான். மறைக்கமாட்டேன். புத்தகங்களையும் கணினியையும் சாமியறையில் வைக்கிறார்கள், எனக்குச் சோறு போட்ட வாளுக்கு ஒரு பொட்டும் இல்லையா என்று கேட்டேன். அதை மேலே தூக்க முடியாது. ஆகையால் கராஜிலேயே மாலை போட்டுச் சந்தனம் குங்குமம் வைப்பதென்று முடிவானது. நான் மேலே கடலையும் பொங்கலும் செய்துகொண்டு நின்றேன். மருமகன் கீழே போனார். மூடிக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோசனம், வெட்டுவது அலகுதானே என்று அவருக்கு ஒரு யோசனை. சுரையைக் கழற்றினார். மூடியும் தகடும் சேர்ந்து வந்தன. இரண்டையும் பெயின்ற் தகரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு அலகின் பல்லுக்குப் பல்லு குங்குமம் வைத்தார்.

நான் மாலையில் கற்பூரத் தட்டோடு கீழே போய்ப் பார்த்தேன். மூடியில்லாத அலகு ஒரு பக்கம் செவ்வந்தி மாலையும் மறுபக்கம் சிவப்புப் பொட்டுமாக நின்றது. அவர் எனக்குப் பக்கத்தில்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நேரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மின்வயரை மட்டும் சுவரிலிருந்து கழற்றினேன். மூடியைப் பூட்டக் கை துருதுருத்தது. ஆனால் பூசையில் வைத்த பொருளை விஜயதசமி விடியும்வரை எடுக்கக்கூடாது, திருத்தக்கூடாது. அந்த நினைப்பில் விட்டேன். மேலே வந்து மகளிடம் சொன்னேன்.

"பிள்ளை, அந்த மூடியும் தகடும் பூட்டாமல் வாளைத் தொடக்கூடாது எண்டு அவருக்குச் சொல்லிப்போடு. தொட்டால் கை போயிடும்."

மகள் தலையாட்டினாள். போய் அவரிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா கவனமாம் எண்டு சொல்லுறா." அவ்வளவுதான். என் வாயிலிருந்து புறப்பட்டபோது அதில் மூடி இருந்தது, தகடு இருந்தது, கை போய்விடும் என்பதும் இருந்தது. அவர் காதுக்குப் போனபோது 'கவனமாம்' மட்டும் மிஞ்சியது. மகளைக் கேட்டால், "அவர் சின்னப் பிள்ளையே, கை போயிடும் எண்டு சொல்ல?" என்கிறாள். புருஷனுடைய முகம் வாடக்கூடாது. விரல் போனால் பரவாயில்லை.

அடுத்தநாள் காலை விஜயதசமி. பத்தரைக்குள் நல்ல நேரம். அந்த நேரத்துக்குள் அவரவர் தன் தொழிலைச் சும்மா ஒருக்காலாவது தொடக்கவேண்டும். மகள் புத்தகம் எடுத்து வாசித்தாள். மருமகன் கணினியைப் போட்டு ஏதோ எழுதினார். நான் குளித்துச் சேலை உடுத்துச் சாமியறையில் நின்றேன். வாளை மத்தியானத்துக்குப் பிறகு, உடுப்பு மாற்றி, மூடி பூட்டித் தொடக்கலாம் என்று என் எண்ணம். வாளுக்கு நல்ல நேரம் மூடி பூட்டிய நேரம்தான்.

அப்போது கீழேயிருந்து வாளின் சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். மரம் இல்லாமல் ஓடும்போது ஒன்று, மரத்துக்குள் போகும்போது ஒன்று. அது மரத்துக்குள் போன சத்தம். மாடிப்படியால் எப்படி இறங்கினேனோ தெரியாது. கராஜ் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தேன். மருமகன் அலகுக்கு நேர் எதிரே நிற்கிறார். வேட்டி. கராஜ் குளிர் என்று கையில் கம்பளிக் கையுறை, என் கணவர் ஹம்மர்பெஸ்டில் போட்டது, அவருக்குப் பெரிசு, விரல்நுனி எல்லாம் தொங்கும். மூடி இல்லை. தகடு இல்லை. தள்ளுதடி ஆணியில் தொங்குகிறது. நான் கழற்றிய வயர் திரும்பவும் சுவரில் கொழுவியிருக்கிறது. ஒரு ஒடுக்கமான பலகையிலிருந்து இன்னும் ஒடுக்கமாக ஒரு கீற்றை அரிகிறார். கை அலகுக்குக் கிட்டக் கிட்டப் போகிறது. மரம் பின்னால் மூடத் தொடங்கிவிட்டது, புகைகிறது. கருகின மணம் கதவுக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டது.

கத்த வாய் திறந்தேன். அந்தப் பாதி விரல் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கத்தினால் திரும்புவார். திரும்பினால் கை அதோடு போகும். வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான், அந்த நேரத்தில் கத்தாமல் நின்றது.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மின்பெட்டி. திறந்தால் வரிசையாக ஆளிகள், சுவிட்சுகள். எது கராஜுக்கு என்று ஒவ்வொன்றின் கீழும் மருமகனே பொடி எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு எங்கே நேரம்? எல்லாவற்றுக்கும் மேலே தடியாக இருந்த பெரிய ஆளியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

வீடு முழுவதும் நின்றது. ஆனால் அலகு உடனே நிற்காது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்துக்குப் பிறகுதான் சத்தம் தேய்ந்து, மரம் அலகைக் கவ்விக்கொண்டு ஒரு முனகலோடு நின்றது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அவர் சன்னல் வெளிச்சத்தில் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சிக்ரிங் போட்டுது போலை" என்று தனக்குத்தானே சொன்னார். வீட்டு பியூஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே இறுகிப் போன மரத்தை இழுக்கக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதையுங்கோ!"

பதினொரு வருடத்தில் நான் அவருக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அது. அவர் மகள் எங்கே என்று எனக்குப் பின்னால் பார்த்தார். மகள் இல்லை. நான்தான்.

"சிக்ரிங் போகேல்லை. நான்தான் நிப்பாட்டினனான். முதல்லை வயரைக் கழட்டுங்கோ. கையுறையைக் கழட்டுங்கோ. நீங்கள் படிச்ச படிப்பிலை, மூடி இல்லாத வாளிலை கம்பளியோடை கை வைக்கலாம் எண்டு எந்தப் புத்தகத்திலை போட்டிருக்கு?"

"மாமி, சும்மா ஒரு துண்டு. நல்ல நேரம் முடியப்போகுது எண்டு…"

"எதுக்கு அந்தத் துண்டு?"

"எதுக்கும் இல்லை. தொடக்கவேணும் எண்டுதான்."

எதுக்கும் இல்லை! ஒரு கதவுக்கு, ஒரு கட்டிலுக்கு என்றாலும் மனம் கொஞ்சம் ஆறும். ஒன்றுக்கும் உதவாத ஒரு கீற்றுக்காக என் மகளின் புருஷன் தன் விரலைக் கொண்டுபோய் அலகுக்கு முன்னால் வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்பது முழுவதும் ஞாபகம் இல்லை. மாலையைப் பிய்த்து எறிந்தது ஞாபகம் இருக்கிறது. அலகில் குங்குமம் இருந்தது, அதைக் காட்டி, "இதிலை இருக்கிறது உங்கடை ரத்தமா இருந்திருக்கவேணும்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. விஜயதசமியும் அதுவுமாகச் சொல்லக்கூடாத சொல். சொன்னேன்.

மகள் ஓடிவந்தாள். வந்தவள் வாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? அவர் எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் கணினியோடை போட்டுது. மாப்பிள்ளையோடை இப்பிடியே கதைக்கிறது?"

"விரலோடை போகாமல் எழுத்தோடை போனதுக்குச் சந்தோசப்படு."

"என்ன நடந்தது இப்ப? ஒண்டும் நடக்கேல்லையே!"

அந்த வசனம் அன்றைக்குப் பிறந்தது.

அந்த வாளுக்குச் சாவி போல ஒரு சின்னச் சிவப்புத் திறப்பு உண்டு. ஆளிக்குள் செருகாவிட்டால் வாள் ஓடாது. அதைப் பிடுங்கி என் காசுப்பைக்குள் போட்டேன். மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால்தான் வீட்டில் நிம்மதி என்றாள் மகள். வாளை விற்றுவிடலாம், இந்த வயதில் அம்மாவுக்கு அது எதற்கு, ஆபத்தான சாமான் என்றும் சொன்னாள். ஆபத்தான சாமானாம். இரண்டு வருடம் அது என் கையில் ஒருவரையும் கீறவில்லை. மூடியைக் கழற்றிய கையை விட்டுவிட்டு வாளைக் குற்றம் சொல்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சமைத்தேன், சாப்பாட்டை மேசையில் வைத்தேன், அறைக்குள் போனேன். நாலு நாள்.

ஐந்தாம் நாள் உடுப்புத் தோய்க்க எடுத்தபோது அந்தக் கம்பளிக் கையுறையும் கூடைக்குள் கிடந்தது. கையில் எடுத்தேன். வலது கைச் சுட்டுவிரலின் நுனி இல்லை. நூல் பிய்ந்து போகவில்லை. கத்தரிக்கோலால் நறுக்கியது போல நேராகப் போயிருந்தது. தோய்க்கும் இயந்திரத்தின் மேல் வைத்து விரித்துப் பார்த்தேன். கம்பளி பழசு, நைந்தது. அதனால் அலகு அதை இழுக்காமல் அறுத்திருக்கிறது. புதுக் கம்பளி என்றால் கையையும் கொண்டுபோயிருக்கும். என் கணவரின் விரல் நீளம். இவருடையது கட்டை. அந்த வெறும் நுனிதான் போயிருக்கிறது.

அன்று மாலை சாப்பாட்டுக்கு அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில், கரண்டி வைக்கும் இடத்தில், அந்தக் கையுறையை வைத்தேன்.

"சாப்பாட்டு மேசையிலை உதென்னம்மா ஊத்தை?" என்றாள் மகள்.

"போட்டுப் பாக்கச் சொல்லு" என்று தொடங்கினேன். பிறகு மகளை விட்டு அவர் பக்கம் திரும்பினேன். "போட்டுப் பாருங்கோ."

போட்டார். ஓட்டைக்குள்ளால் நகம் எட்டிப் பார்த்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புட்டு ஆறிப்போனது. அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தண்ணீர் குடித்தார். வலது கை மேசைக்குக் கீழேயே இருந்தது.

அடுத்தநாள் சனிக்கிழமை. காலையில் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் மூடியும் தகடும், மறு கையில் ஸ்பானர்.

"மாமி, இதை எப்பிடிப் பூட்டுறதெண்டு ஒருக்கால் வந்து பாருங்கோ."

மகளை இடையில் வைக்காமல் கேட்டார். நான் காற்சட்டை மாற்றிக்கொண்டு கீழே போனேன். முதலில் வயர் கழன்றிருக்கிறதா என்று அவரே பார்த்தார். தகட்டை அலகுக்கு நேராக வைத்து, ஒரு பலகைத் துண்டைச் சாத்திச் சரி பார்த்து, சுரையை இறுக்கினார். அலகில் காய்ந்திருந்த குங்குமத்தைத் துடைத்தார். நான் ஒரு பிழையும் சொல்லவில்லை. பிழை இருக்கவில்லை. கோபம் மட்டும் இருந்தது. மகள் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

அவர் பக்கமாக ஒதுங்கி நின்று, வெறுங்கையை என்னிடம் நீட்டினார்.

"திறப்பைத் தாறியளோ மாமி? ஒரு துண்டு அரிஞ்சு பாப்பம்."

"எதுக்கு?"

"சும்மா…"

"சும்மா அரியிறதெண்டா திறப்பு வராது" என்று சொல்லி, காசுப்பையின் வாயை இழுத்து மூடினேன்.